எல்லாம் எறங்கிடுச்சா?

ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் வீட்டுக்குள் நுழைந்தால், பாட்டி முதலில் கேட்பது "சாப்பிட்டியா" என்று இருக்காது. "எல்லாம் எறங்கிடுச்சா?" என்பாள். எழுபதுகளில் திருச்சிக்கு வந்து போன விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ராத்திரியில் பெரும்பாலும் ஒன்றுமே வராது. பலமுறை சொல்லியும் அவள் கேள்வியை மாற்றிக்கொள்ளவில்லை. "எறங்கிடுச்சு பாட்டி" என்ற பிறகுதான் காப்பி டம்ளர் என் கைக்கு வரும்.

நான் விமானம் ஓட்டியவன் இல்லை. அதற்கு ஸ்பானர் பிடித்தவனும் இல்லை. வானிலைப் பார்வையாளன், ஆபீஸில் அப்சர்வர் என்பார்கள். 1973-ல் சேர்ந்து 2010-ல் ஓய்வு பெற்றேன். நடுவில் வேறு ஊர்கள் இருந்தாலும் பெரும்பகுதி திருச்சியில்தான். ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி ஜங்ஷனில் இறங்கி, புதுக்கோட்டை ரோட்டில் போகிற பஸ்ஸைப் பிடித்தால் செம்பட்டு. அங்கே உட்கார்ந்து வானத்தைப் பார்த்ததற்கு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது, வானத்தை எட்டுப் பங்காக்கினால் எத்தனை பங்கு மேகம், அதன் அடிவயிறு எவ்வளவு உயரத்தில், வெப்பம், ஈரம், அழுத்தம். இந்த ஏழெட்டு எண்களைக் குறித்த நேரத்தில் எடுத்து ரிஜிஸ்டரில் எழுதி, கன்ட்ரோல் டவருக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் பைலட்டுக்குச் சொல்வார்கள். நான் சொன்ன எண்ணை நம்பி இறங்கியவர்களில் முக்கால்வாசிப் பேரின் முகத்தை நான் பார்த்ததில்லை.

பாட்டியின் கேள்விக்கு ஒரு பூர்வகதை உண்டு. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு விமானம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கருவறைக்கு மேல் பொன் வேய்ந்து நிற்கும் ரங்க விமானம்தான். ராமரிடமிருந்து அதைப் பெற்ற விபீஷணன் அயோத்தியிலிருந்து இலங்கைக்கு எடுத்துப் போகிறான். வழியில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே சற்று இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்கினால் அசையவில்லை. பெருமாள் இங்கேயே தங்கிவிட்டார்; விபீஷணனுக்காக இலங்கை இருக்கும் தெற்குத் திசையைப் பார்த்துச் சயனித்திருக்கிறார் என்கிறது தலபுராணம். இறக்கி வைத்தது மாட்டுக்காரப் பையன் வேடத்தில் வந்த பிள்ளையார் என்றும், விபீஷணன் துரத்த அவர் ஓடி ஏறிய இடம்தான் மலைக்கோட்டை உச்சி என்றும் ஊரில் சொல்வார்கள். இலங்கைக்குக் கிளம்பித் திருச்சியில் இறங்கி, மறுபடி ஏறாத விமானம் அது.

என் தாத்தா கொழும்பில் புறக்கோட்டைக் கடை ஒன்றில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அவருடைய கடிதங்கள் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, போட்மெயிலில் திருச்சிக்கு வரும். 1938-ல் வந்த ஒரு கடிதத்தின் உச்சியில் மட்டும் 'இது ஆகாய விமானத்தில் வருகிறது' என்று எழுதியிருந்தார். பாட்டி எழுத்துக்கூட்டிப் படிப்பாள். விமானம் என்ற சொல்லைப் படித்துவிட்டு மாமனாரிடம் "எந்த விமானம்?" என்று கேட்டாளாம். விளக்கிச் சொன்னதும் கடிதத்தைப் பெருமாள் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "பெருமாளாலயே போக முடியாத ஊருக்கு இது போயிட்டு வந்துடுச்சா!" என்றாளாம். அதற்குப் பிறகு ஆகாயத்தில் எப்போது சத்தம் கேட்டாலும் வாசலுக்கு வந்து பார்ப்பாள். உள்ளே தாத்தாவின் கடிதம் இருக்கலாம் இல்லையா? அது பத்திரமாக இறங்க வேண்டும்.

அவள் பார்த்தது டாடா கம்பெனியின் தபால் விமானம். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒற்றை எஞ்சின் பஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அகமதாபாத்தில் பெட்ரோல் மாட்டுவண்டியில் வந்தது. பம்பாயிலிருந்து அதை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்கு ஓட்டிவந்தவர் நெவில் வின்சென்ட். இந்தத் தொழிலை டாடாவுக்கு முதலில் யோசனையாகச் சொன்னவரே அவர்தான். தடம் மெல்ல நீண்டு ஹைதராபாத், சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பைத் தொட்டது. 1938 பிப்ரவரி 28 அன்று கொழும்பின் ரத்மலானையில் தபாலோடு இறங்கிய முதல் விமானத்தை ஓட்டியவரும் வின்சென்ட்தான்.

அந்தத் தடம் தொடங்கிய காலத்து பஸ் மாத்தில் ரேடியோ கிடையாது. ஒரு காந்த ஊசி, மடியில் ஒரு வரைபடம், மற்றபடி கண். ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போவார்கள். ஆறு வந்தால் ஆறு. மேலிருந்து பார்த்தால் திருச்சியைத் தவறவிடவே முடியாது என்று எனக்குப் பின்னாளில் ஒரு பைலட் சொன்னார். காவிரியும் கொள்ளிடமும் இரண்டு நூலாகப் பிரிந்து ஓடும். நடுவில் சதுரத்துக்குள் சதுரமாக ஏழு மதில்கள். தெற்கே தரையிலிருந்து திடீரென்று முளைத்த பாறை. வரைபடமே வேண்டாம் என்றார். ஆனால் அன்றைக்குக் காற்று எப்படி, மேகம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று ஊரின் அடையாளங்கள் சொல்லாது. யாராவது ஒருவர் கீழே நின்று சொன்னால்தான் உண்டு.

அதற்குத்தான் பலூன். ஆபீஸில் நான் முதலில் கற்றுக்கொண்டது அதுதான். ஹைட்ரஜன் நிரப்பிய ரப்பர் பலூன். நிரப்பும் அளவுக்குத் தகுந்தபடி நிமிஷத்துக்கு இத்தனை மீட்டர் என்று ஒரே சீராக ஏறும்; சுமார் 150 முதல் 200 மீட்டர் வரை. நீல வானத்துக்கு வெள்ளைப் பலூன், மேகம் விட்டுவிட்டு இருந்தால் சிவப்பு, வானம் மூடியிருந்தால் கறுப்பு. விட்டதும் ஒருவர் தியோடலைட்டில் கண் வைத்துப் பலூனைப் பின்தொடர்வார். இன்னொருவர் கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்துக்கு ஒருமுறை "ரீட்!" என்பார். அந்தக் கணத்தில் கிடைக்கோணம், ஏற்றக்கோணம் இரண்டையும் படித்துச் சொல்ல வேண்டும். உயரம் நேரத்திலிருந்து தெரியும். இரண்டு கோணங்களையும் வைத்துப் பலூன் எங்கே தள்ளப்பட்டிருக்கிறது என்று கணக்கிட்டால், எந்த உயரத்தில் எந்தக் காற்று என்று படிப்படியாக வந்துவிடும்.

பகலில் சுலபம். ராத்திரியில் பலூனுக்குக் கீழே நூலில் ஒரு தாள் கூண்டைக் கட்டி, உள்ளே மெழுகுவத்தியை ஏற்றி விடுவோம். மேலே ஹைட்ரஜன், கீழே தீ! முதல் நாள் எனக்குக் கை நடுங்கியது. காற்று கூண்டைப் பிடித்து இழுக்கும்போது நூலை மெல்ல விட வேண்டும். விட்ட மறுகணம் அந்தச் சின்ன மஞ்சள் வெளிச்சம் ஆடிக்கொண்டே மேலே போகும். கண்ணை எடுத்தால் போயிற்று.

சேர்ந்த ஆறாவது மாதமோ ஏழாவது மாதமோ நான் கண்ணை எடுத்தேன். கொசு கடித்தது, ஒரு விநாடிதான். திரும்பக் குழாயில் பார்த்தபோது வெளிச்சம் இருந்தது. "ரீட்!" என்றார் சீனியர். கோணம் சொன்னேன். அடுத்த நிமிஷம், அதற்கடுத்த நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம் வரை சொல்லிக்கொண்டே போனேன். பலூனை இவ்வளவு நேரம் விடாமல் பிடித்ததில் எனக்கே பெருமை. உள்ளே வந்து கணக்குப் போட்டோம். கீழே சில நூறு மீட்டர் வரை காற்று முன்னே பின்னே மாறியிருந்தது. அதற்கு மேல் ஒரே திசை, ஒரே வேகம், கோடு போட்ட மாதிரி.

சீனியர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னை வெளியே கூட்டிப் போய், தியோடலைட் நின்ற திசையிலேயே கையைக் காட்டினார்.

"அது என்னய்யா?"

"நட்சத்திரம் சார்."

"எத்தனாவது நிமிஷத்துல பலூன் நட்சத்திரமாச்சு?"

நான் பேசவில்லை. அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் மறந்துபோயிருக்கும். "பலூன் ஏறிக்கிட்டே இருக்கும். நீ பாத்த வெளிச்சம் அசையல. அதனாலதான் கணக்குல எல்லா உயரத்துலயும் ஒரே காத்து வருது. நெஜக் காத்து இவ்வளவு ஒழுங்கா அடிக்காதுய்யா. இது மாதிரி அழகா வந்தா மொதல்ல சந்தேகப்படு" என்றார். நான் எழுதிய எட்டு வரிகளையும் அடித்துவிட்டு, பலூன் காணாமல் போன நிமிஷத்துக்கு நேரே 'தவறிவிட்டது' என்று என் கையாலேயே எழுதவைத்தார்.

உண்மையான காற்று எப்படி இருக்கும் என்று பிறகு பல வருஷம் பார்த்தேன். ஆடி மாதத்தில் திருச்சியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று அம்மியைப் பறக்கவிடாவிட்டாலும், ஆபீஸ் ஜன்னலைப் பெயர்த்துவிடும். விமானங்கள் எல்லாம் மேற்கு முகமாகவே ஏறும், இறங்கும். காற்றை எதிர்த்துத்தானே ஏற வேண்டும். அதே நாளில் மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று நேரெதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஓடிக்கொண்டிருக்கும். தெருவில் நிற்பவனுக்கு அது தெரியவே தெரியாது. தெளிந்த வானத்தில் மேற்கே இருந்து அடித்த காற்றில் கிழக்கே போன பலூன், தயங்கி, நின்று, திரும்பி வருவதைக் குழாய்க்குள் பார்த்திருக்கிறேன். முதல் தடவை பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நட்சத்திர அனுபவம் இருந்ததால், இது அழகாக இல்லாமல் கோணலாக இருக்கிறதே, அப்படியானால் நிஜம்தான் என்று தோன்றியது.

விட்ட பலூன் எதுவும் கைக்குத் திரும்பி வந்ததில்லை. ஆயிரக்கணக்கில் விட்டிருப்பேன். மேலே போய் விரிந்து வெடிக்கும். ரப்பர்த் துணுக்கு எந்த வயலில் விழுந்ததோ. அதன் வேலை அது போன வழியை நாம் குறித்துக்கொள்வதோடு முடிந்தது.

அழுத்தத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விமானத்தில் உயரம் காட்டும் கருவி உண்மையில் காற்றின் அழுத்தத்தைத்தான் அளக்கிறது. கீழே இன்றைக்கு அழுத்தம் இவ்வளவு என்று நாம் சொன்னால், பைலட் அதைத் திருகி வைத்துக்கொள்வார். தரைக்கு அருகில் ஒரு மில்லிபாருக்குச் சுமார் 27 அடி. பத்து மில்லிபார் தப்பாகச் சொன்னால் 270 அடி தப்பு. மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர், ஏறக்குறைய 272 அடி. ஒரு எண்ணைத் தடுமாறிச் சொன்னால், பைலட்டின் கணக்கில் ஒரு மலைக்கோட்டையே காணாமல் போய்விடும். புதிதாக வரும் பையன்களுக்கு நான் இதை இப்படித்தான் சொல்வேன். ஒருவனும் மறந்ததில்லை.

எங்கள் காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் பலர் பறக்க ஆசைப்பட்டு, முடியாமல் தரையில் நின்றவர்கள். நானும்தான். கண்ணாடி போட்டவனை எந்தக் கிளப்பில் சேர்ப்பார்கள்? அப்போதெல்லாம் எங்களுக்கு ஆறுதல் சொல்ல உதாரணம் இல்லை. பின்னாளில் அப்துல் கலாமின் கதையைப் படித்தேன். எங்கள் செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954-ல் இயற்பியல் முடித்தவர். சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துவிட்டு, விமானப்படையில் பைலட்டாகச் சேர டேராடூன் போனார். எட்டு இடம், அவர் ஒன்பதாவதாக வந்தார். மனமுடைந்து ரிஷிகேஷுக்குப் போய்ச் சிவானந்தரைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார். அதே கல்லூரியில் படித்த எங்கள் ஊர் ரங்கராஜன், எழுத்தாளர் சுஜாதாவாகப் பிரபலமாவதற்கு முன்னால் விமானப் போக்குவரத்துத் துறையில் தரையில் உட்கார்ந்து விமானங்களுக்கு வழி சொன்னவர். பறக்காதவர்களின் பட்டியல் அவ்வளவு மோசமில்லை.

பறந்தவர்களைப் பற்றியும் படித்தேன். ராத்திரி டியூட்டியில் இரண்டு அப்சர்வேஷனுக்கு நடுவே வேறென்ன வேலை? பிரெஞ்சுக்காரர் செந்த் எக்சுபெரி 1926-ல் தபால் விமானக் கம்பெனியில் சேர்ந்தவர். சகாராவின் ஓரத்தில் ஜூபி முனை என்கிற இடத்தில் மணலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சின்ன நிலையத்தைப் பார்த்துக்கொண்டு, வர வேண்டிய விமானத்துக்காகக் காத்திருந்தவர். வின்சென்ட் தபாலோடு கொழும்பில் இறங்கிய அதே 1938 பிப்ரவரியில், அவர் குவாத்தமாலாவில் அளவுக்கு மீறிப் பெட்ரோல் ஏற்றிய விமானத்தை எழுப்ப முடியாமல் நொறுங்கி விழுந்தார். உடம்பு தேறும் காலத்தில் சேர்த்துக் கட்டிய புத்தகம் 1939-ல் வந்தது. வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று தேடுகிறவர்கள் இன்றைக்கும் எடுத்துப் படிக்கிற புத்தகம். பறத்தலைப் பற்றிய அந்தப் புத்தகத்துக்கு அவர் பிரெஞ்சில் வைத்த பெயரில் வானம் இல்லை. மனிதர்களின் பூமி என்று பொருள் வரும்.

அந்தப் பெயரைத் தெரிந்துகொண்ட ராத்திரி எனக்குப் பாட்டியின் கேள்வி ஞாபகம் வந்தது. செந்த் எக்சுபெரியின் தோழர்களின் கதைகளை அந்தக் கேள்வியோடு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. கியோமே 1930-ல் ஆண்டீஸ் பனிமலையில் விழுந்து, நாட்கணக்கில் நடந்து உயிரோடு இறங்கி வந்தார். மெர்மோஸ் 1936 டிசம்பரில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் போனவர் வரவில்லை. கியோமேயும் 1940-ல் போய்விட்டார். நம் நெவில் வின்சென்ட் 1942-ல் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பிய விமானத்தோடு காணாமல் போனார். செந்த் எக்சுபெரி 1944 ஜூலை 31 காலையில் கோர்சிகாத் தீவிலிருந்து ஏறினார். அவர் எங்கே இறங்கினார் என்ற கேள்விக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் பதில் இல்லை. 1998-ல் மார்செய் பக்கத்தில் ஒரு மீனவரின் வலையில் அவருடைய பெயர் பொறித்த கைச்சங்கிலி வந்தது. 2000-ல் கடலடியில் விமானத்தின் துண்டுகளைப் பார்த்தார்கள். அவருடையதுதான் என்று 2004-ல் உறுதியானது. அவ்வளவு வருஷமும் எங்கோ ஓர் ஆபீஸ் ரிஜிஸ்டரில் வருகை நேரத்துக்கான கட்டம் காலியாகவே இருந்திருக்கும். காலிக் கட்டத்தைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த நினைப்பு வயிற்றைப் பிசைந்தது.

நான் எழுதிய ஓர் எண்ணைப் பற்றி இன்றைக்கும் எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எண்பதுகளில் ஒரு வைகுண்ட ஏகாதசி. மார்கழிப் பனி காவிரியிலிருந்து கிளம்பி ஊரை மூடியிருந்தது. கண் எவ்வளவு தூரம் பார்க்கிறது என்பதற்கு எங்களிடம் கருவி ஏதும் இல்லை. தூரம் தெரிந்த அடையாளங்கள்தான் கருவி. மலைக்கோட்டை சுமார் ஏழு கிலோமீட்டர். அதற்கும் அப்பால் பத்து கிலோமீட்டரில் ஸ்ரீரங்கம். இந்தப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி என்று கிட்ட இருக்கும் அடையாளங்கள். அன்றைக்கு மலைக்கோட்டை இல்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை. தென்னந்தோப்பு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். சென்னையிலிருந்து வந்த ஆவ்ரோ விமானம் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. டவரிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போன். "இப்ப எவ்வளவு?" ஒவ்வொரு தடவையும் மாடிக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் இறங்கிவிடுவார் என்று எனக்குத் தெரியும். நான் கூட்டவில்லை. விமானம் சென்னைக்கே திரும்பிவிட்டது.

அடுத்த இருபதாவது நிமிஷம் வெயில் வந்தது. மலைக்கோட்டை பளிச்சென்று நின்றது.

சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். அவர் மகன் அந்த விமானத்தில் வந்தவன். மார்வலியோடு படுத்திருந்த தாயாரைக் கூட்டிப் போய்ப் பரமபத வாசலைத் தாண்டவைக்கத்தான் லீவு போட்டுக் கிளம்பினான். "ஒரு நம்பர்தானே தம்பி. கொஞ்சம் சேத்து எழுதியிருக்கக் கூடாதா?" என்றார். நான் விதியைச் சொன்னேன். அவர் விதியைக் கேட்கவில்லை. "இருபது நிமிஷத்துல வெளுத்துடுச்சே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த அம்மாள் அடுத்த ஏகாதசி வரை இருக்கவில்லை.

வீட்டில் பாட்டி வழக்கம்போல் கேட்டாள். "இல்ல பாட்டி, திரும்பிப் போயிடுச்சு."

"மெட்ராஸ்ல எறங்கிடுச்சா?"

"எறங்கிடுச்சு."

"அப்பறம் என்ன? கையக் கால அலம்பிட்டு வா."

அவளுக்கு அவ்வளவுதான். பெரியவருக்கு அது போதவில்லை; அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் இன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் காலை திரும்ப வந்தால் அதே எண்ணைத்தான் எழுதுவேன். நட்சத்திரத்தைப் பலூன் என்று எழுதியவன் அதற்கு மேல் பார்க்காத தோப்பைப் பார்த்ததாக எழுத முடியாது. இந்தத் தொழிலிலிருந்து எனக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். மனிதனுக்கு மனிதன் தரக்கூடிய பெரிய பொருள், தான் பார்த்ததை உள்ளபடி சொல்வது. பார்க்காததைப் பார்க்கவில்லை என்று சொல்வது. அதில் கருணை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. பனி விலகிய பிறகு அது தெரியாமல் போய்விடுகிறது.

அந்த வருஷங்களில்தான் எங்கள் அடையாளப் பட்டியலில் ஒரு மாற்றம் வந்தது. ஸ்ரீரங்கத்தின் தெற்கு வாசலில் நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற கோபுரத்தை எழுப்ப ஆரம்பித்தார்கள். அகோபில மடத்தின் 44-வது ஜீயர் முன்னின்று நடத்திய வேலை. தெளிவான காலைகளில் மாடியிலிருந்து பார்த்தால் தென்னை மரங்களுக்கு மேலே மூங்கில் சாரம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்வது தெரியும். ஒரு நிலை, இரண்டு நிலை என்று எண்ணிக்கொண்டே இருந்தோம். பதின்மூன்று நிலை, 236 அடி. 1987 மார்ச் 25 அன்று கும்பாபிஷேகம். டியூட்டியில் இருந்தேன், போக முடியவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கோபுரம் தெரிந்தது. கீழே வந்து கண்பார்வைத் தூரத்துக்கான கட்டத்தில் 10 கிலோமீட்டர் என்று எழுதினேன். அதுதான் என் தரிசனம்.

பாட்டி அதைப் பார்க்க இருக்கவில்லை. அதற்கு முந்தின வருஷமே போய்விட்டாள்.

2010-ல் நான் ஓய்வு பெறுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. மேகத்தின் அடியை ஒளிக்கற்றை அளக்கிறது. ரன்வே ஓரத்தில் கருவிகள் நின்று தானாகவே எண் சொல்கின்றன. நல்லதுதான். கருவிக்குக் கொசு கடிக்காது. இப்போது புது முனையம் திறந்து, முகப்பில் கோபுரமும் கோலமுமாகக் கட்டியிருக்கிறார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா என்று ராத்திரி முழுக்க ஏறி இறங்குகின்றன. பாட்டி இருந்தால் தூங்கியிருக்கவே மாட்டாள்.

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. என் பழைய ஸ்லைடு ரூலையும், விலகும்போது ஆபீஸில் நினைவாகக் கொடுத்த ஒரு சின்ன காந்த ஊசியையும் துடைத்துச் சந்தனம் வைத்திருந்தேன். சாயங்காலம் பேத்தி போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு, 141 பேர் இருக்கிறார்கள், எரிபொருளைக் குறைக்கத் திருச்சிக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று எல்லாச் சேனலிலும் ஓடியது. மொட்டை மாடிக்குப் போனோம். பக்கத்து மாடிகளிலும் ஆட்கள். ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்தேழு வருஷம் நான் தனியாகப் பார்த்த வானத்தை அன்றைக்குத் திருச்சி முழுக்கப் பார்த்தது.

"தாத்தா, அதோ!" என்றாள் பேத்தி. மேற்கே தாழ்வாக, பிரகாசமாக ஒரு வெளிச்சம்.

கொஞ்ச நேரம் பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் விளிம்போடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். "அது நகரலைம்மா. வெள்ளி அது" என்றேன்.

தெற்கே, வெகு தூரத்தில், மெல்ல ஊர்ந்த இன்னொரு வெளிச்சத்தை அவளுக்குக் காட்டினேன். அதுதானா என்று கேட்டாள். நகர்கிறது, அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன். இரண்டரை மணி நேரம். யாரும் கீழே இறங்கவில்லை. எதிர் மாடியில் ஓர் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆபீஸ் ஞாபகமாகவே இருந்தது. இந்நேரம் டவரிலிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். யாரோ ஒரு பையன் காற்றையும் அழுத்தத்தையும் சொல்லிக்கொண்டிருப்பான். சரியாகச் சொல்கிறானா? என் கை தானாகவே சட்டைப் பையில் பேனாவைத் தேடியது.

எட்டேகால் வாக்கில் எதிர் மாடியில் கைதட்டல் கேட்டது. பிறகு அடுத்த மாடி, அதற்கடுத்த மாடி. பேத்தி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"என்னங்க, எறங்கிடுச்சா?"

பேத்தியின் போனில் படம் வரும்வரை பொறுத்திருந்தேன். ரன்வேயில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகு சொன்னேன்.

"எறங்கிடுச்சு."